லாத்தா தீட்டிய கத்தி

எங்கள் காம்பவுண்டில் கரண்டு போனால், யாரும் ஆபீசுக்குப் போன் போடுவதற்கு முன்னாலேயே ஒருத்தி வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுவிடுவாள்.

"நான்தான் காரணம். இப்பத்தான் மிக்ஸியப் போட்டேன். போட்டதும் போயிருச்சு."

தச்சநல்லூர் முழுக்கக் கரண்டு இருக்காது. அதைச் சொன்னாலும் கேட்கமாட்டாள். வடகம் காயப் போட்ட அன்றைக்கு மழை பெய்தால், "காலைல நான்தான் நல்ல வெயிலுன்னு வாயை வச்சேன்" என்பாள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால், போன வாரம் அவருக்கு அவள் கொடுத்த பிரியாணி நன்றாக இருந்ததுதான் காரணம். ஆளுக்கு இவ்வளவு வசதியா என்று நினைத்துவிட்டாராம். எங்கள் வீட்டு மேல்தொட்டியில் பாசி பிடித்ததற்குக்கூட அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அது என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை.

நான் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். மேலப்பாளையத்துப் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேரு அங்க வந்ததுக்கு நான்தான் காரணம்" என்று அதற்கும் அவளிடமிருந்து ஒரு மன்னிப்பு வரும்.

உண்மையைச் சொன்னால், அவளுடைய இந்தக் குணம் எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நேரத்தில், வாசலில் ஒருத்தி நின்றுகொண்டு, "நேத்து உனக்குத் தலவலின்னியே, நான் தாளிச்ச நெடிதானோ?" என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் அந்தக் குணம் எங்களுக்கெல்லாம் வசதியாகவும் இருந்தது. காம்பவுண்டில் எது தப்பாகப் போனாலும் ஆள் தேட வேண்டியதில்லை. அவளே வந்து நிற்பாள். நாங்களும், சரி போங்க லாத்தா என்று பெரிய மனதோடு மன்னித்து அனுப்பிவிடுவோம்.

கத்தி தீட்டும் கல் அவள் வீட்டுக்கு வந்ததும் அவள் தப்பால்தான். அப்படித்தான் சொன்னாள். அவள் மகன் கத்தாரில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது, சொந்தமாக வைத்திருந்த இரண்டு கல்லைக் கையோடு கொண்டுவந்திருந்தான். செங்கல்லைப் பாதியாக அறுத்த மாதிரி ஒன்று முரட்டுக் கல். இன்னொன்று வழவழவென்று சந்தனக் கல் மாதிரி. திரும்பிப் போகும்போது லாத்தா அவன் பெட்டியில் மாசிப்பொடியும் இடியாப்ப மாவும் ஊறுகாயுமாக அடைத்துவிட்டாள். விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. பையன் கல் இரண்டையும் வெளியே எடுத்து, வழியனுப்பப் போன மாமாக்காரன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

"பிள்ளை தொழில் செய்யுற கல்லு. நான்தான் மாவை வச்சுக் கல்லை வெளிய தள்ளிட்டேன்" என்று ஒரு வாரம் புலம்பினாள். அவன் அங்கே வேறு கல் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லியும் ஆறவில்லை. சும்மா கிடந்தால் கல்லுக்குப் பாவம் என்று, தானே தீட்டிப் பழகுவது என முடிவு செய்தாள்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மகன் ஒரு வீடியோவை அனுப்பினான். அதில் ஒரு ஆள் தரையில் மண்டியிட்டுக் கத்தி தீட்டுகிறான், என்னமோ பாஷையில் பேசுகிறான். லாத்தாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அவன் பேசப் பேச இவள் தலையை ஆட்டுவாள். "என்ன சொல்லுதான் லாத்தா?" என்று கேட்டால், "பைய, பையங்கான்" என்பாள், மெதுவாக என்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது, எனக்கு நாற்பது. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கல்லை முதலில் தண்ணீர் வாளியில் போட வேண்டும். கல் மூச்சு விடுகிற மாதிரி குமிழி விடும். குமிழி நின்ற பிறகு எடுத்து, வழுக்காமல் இருக்க ஈரத்துணியின் மேல் வைக்க வேண்டும். கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்பதுதான் முதல் தகராறு. லாத்தா கத்தியின் முதுகுக்கு அடியில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, அந்தச் சாய்வுதான் கணக்கு என்றாள். தீப்பெட்டி நனைந்து கூழானது. அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லாமல் என் வீட்டுக்கு வந்து, "நான்தான் காரணம்" என்றாள். அந்த ஒரு தடவை அது நிஜம்.

தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு வரும். நான் சுத்தமாக இருக்கட்டுமே என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தேன். கத்தி தீட்டுப்படவே இல்லை. அப்புறம் லாத்தாதான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "இவன் கழுவ மாட்டக்கான்ட்டி. சேறுதான் தீட்டுது" என்று கண்டுபிடித்தாள். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்துவிட்டால் மறுபக்கத்து ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் சொரசொரவென்று தட்டும். அது வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். முதன்முதலில் அந்தப் பிசிறு எங்கள் விரலில் தட்டியபோது இரண்டு பேரும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட மாதிரி சிரித்தோம். அன்றைக்கு அவள் வெட்டிய தக்காளித் துண்டில் மறுபக்கம் தெரிந்தது.

பக்ரீத் சமயம் அவள் தம்பி வாங்கிய ஆடு எங்கள் காம்பவுண்டு வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. ஆட்டின் கண் முன்னால் கத்தி தீட்டக்கூடாது என்பது அவர்கள் மார்க்கம். லாத்தா கல்லையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போய்த் தீட்டினாள். முடித்துவிட்டு வந்தவள் முகம் சரியில்லை. "சத்தம் கேட்டிருக்குமோ?" என்று என்னிடம் கேட்டாள். அப்புறம் ஆட்டுக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டாள். தரையில் வைப்பாள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வந்துவிடும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்தான். நாங்கள் அவசரத்தில் மறந்துவிடுவோம். அவள் மறந்ததே இல்லை.

தீட்டக் கற்றதும் காம்பவுண்டுக் கத்தியெல்லாம் அவள் வாசலுக்கு வந்தது. அடுத்த வாரமே எல்லார் கட்டைவிரலிலும் பிளாஸ்திரி. காரணம் கத்தி இல்லை, நாங்கள் வெட்டுகிற முறை. எங்களில் யாரும் பலகையில் வைத்து வெட்டுவதில்லை. காயை இடது கையில் பிடித்து, கத்தியைக் கட்டைவிரலைப் பார்க்க இழுத்து வெட்டுவோம். கத்தி காயைத் தாண்டி வந்து விரலில்தான் நிற்கும். மழுங்கிய கத்தி நிற்கும். தீட்டிய கத்தி எதற்கு நிற்கிறது?

லாத்தா பிளாஸ்திரியோடு வீடு வீடாகப் போனாள். "நான்தான் காரணம். பழைய நெனப்புல அமுக்காதீங்க, வெறுமனே இழுத்தாப் போதும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சினாள். கடைசியில் என் வீட்டுக்கு வந்து அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏட்டி, உங்க மாமா கத்திய மட்டும் நான் தொடமாட்டேன். நீயும் தொடாதே."

மாமா என்றால் என் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டார். வந்த மறுநாள் காலையிலேயே காய்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வேண்டாம் என்றதற்கு, "சும்மா உக்காந்து திங்கதுக்கு நான் என்ன விருந்தாளியாம்மா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காய் வெட்டுவது அவர்தான். அவர் வெட்டித் தராவிட்டால் நான் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தைரியமாக மூன்று தோசை சாப்பிடுவார். அவருக்கென்று மரப்பிடி போட்ட ஒரு கத்தி. அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. விரல் நுனியில் உணர்வு கொஞ்சம் மட்டு. லாத்தா பயந்தது அதற்குத்தான்.

ஒரு காலையில் நான் தாளிக்க எண்ணெய் வைத்துவிட்டுக் காய் எடுக்க வந்தேன். தட்டில் சீனியவரைக்காய் சிவப்பாக இருந்தது. மாமா இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். இடது கட்டைவிரல் பிளந்து, ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

தையல் போட்ட டாக்டர், சர்க்கரை உள்ளவருக்கு இது ஆறாமல் சீழ் வைத்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் கத்தியை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்காமல் கடித்து நின்றது. தீட்டிய கத்தி. கல்லின் வேலை எனக்குத் தெரியாதா?

"யார் மாமா தீட்டினது?" என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

அதற்குள் வாசலில் லாத்தா. ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. மாமா விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"நான்தான் காரணம்" என்றாள்.

"தொடமாட்டேன்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன். என் தப்புதான்."

"பெறகு எதுக்குத் தொட்டிய?"

அதற்கு மறுபடியும் என் தப்புதான் என்றாள். அவள் சொன்ன எத்தனையோ பொய்க் காரணங்களை அன்றுவரை சிரித்துக்கொண்டு தள்ளிவிட்ட நான், அன்றைக்கு மட்டும் அப்படியே நம்பினேன். "உங்களுக்குப் பொழுது போகணும்னா அடுத்த வீட்டு மனுசன் விரல்தான் கெடச்சுதா? தப்பு தப்புன்னு நாள் பூராச் சொல்லுதியள்ளா, இப்ப நெசமாவே பண்ணிட்டிய. சந்தோசமா?" என்றேன். இன்னும் பேசினேன். அதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. மாமா, "விடும்மா, விடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது கருணை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில், "இந்தக் கத்தி இனி எங்க வீட்ல இருக்க வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க" என்று நீட்டினேன். தரையில் வைக்கவில்லை. அவள் கையைப் பிடித்து அதில் கொடுத்தேன். அவள் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இனி அப்பா கத்தியைத் தொடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காயம் மெல்ல மெல்ல ஆறியது. மாமாதான் ஆறவில்லை. நான் அவசர அவசரமாகக் காய் வெட்டுவதை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தோசையோடு தட்டைத் தள்ளிவிடுவார். "இன்னொண்ணு வைக்கட்டா மாமா?" என்றால், "வேல இல்லாதவனுக்கு என்னம்மா பசி?" என்பார். மத்தியானக் காப்பியை அவராகவே நிறுத்தினார். பேப்பர் வந்தால் மடிப்புக் கலையாமல் கிடக்கும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. விரல் போய்விடுமோ என்று பயந்த வீட்டில், இப்போது ஆளே போய்விடுவாரோ என்று பயம் வந்தது. அதற்கும் நான் லாத்தாவைத்தான் திட்டினேன், மனசுக்குள். வாசலில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் அந்த நாட்களில் கரண்டு போனால்கூட வெளியே வரவில்லை.

தையல் தழும்பாகிய பிறகு ஒரு நாள் வந்தாள். வாசற்படிக்கு வெளியே நின்றபடி, அந்த மரப்பிடிக் கத்தியைத் தரையில் வைத்தாள். அவள் இடது கட்டைவிரல் முழுக்கப் பிளாஸ்திரி. ஒன்றின் மேல் ஒன்று.

"விரல வெட்டாது" என்றாள். "காய மட்டும் வெட்டும். நான் பாத்துட்டேன்."

எப்படிப் பார்த்தாள் என்பது அந்த விரலைப் பார்த்தாலே தெரிந்தது. கத்தியை முதலில் வாசற்படியில் தேய்த்து முழுசாக மொட்டையாக்கியிருக்கிறாள். அது காயை நசுக்கியது. அப்புறம் வழவழக் கல்லைத் தொடாமல், முரட்டுக் கல்லில் மட்டும் கொஞ்சம் தீட்டியிருக்கிறாள். விரல் அறுந்தது. ஓரத்தை லேசாக மழுக்கியிருக்கிறாள். மறுபடி தீட்டல், மறுபடி மழுக்கல். ஒவ்வொரு தடவையும் சீனியவரைக்காயை எங்கள் மாமா மாதிரியே பிடித்து, அவர் மாதிரியே கட்டைவிரலில் கொண்டுவந்து அமுக்கி, தன் விரல் அறுபடாமல் போகிற வரைக்கும். கத்தி தீட்டக் கற்றவள், எந்த அளவுக்குத் தீட்டாமல் விட வேண்டும் என்பதைத் தன் விரலில் கற்றுக்கொண்டாள்.

நான் குனிந்து கத்தியை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மாமா ஒரு காயை எடுத்து வெட்டிப் பார்த்தார். வேண்டுமென்றே விரலில் அமுக்கினார். "இழுத்தா வெட்டுது. அமுக்குனா நிக்கி" என்றார். அவர் குரலை அப்படிக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கத்தியைத் தன் விரலிலும் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். மறுநாள் காலை காய்த்தட்டு பழையபடி மாமா மடிக்குப் போனது. மூன்றாவது தோசையை அவராகவே கேட்டார்.

நான் லாத்தாவுக்கு நன்றி சொல்லவில்லை. செய்த தப்பைச் சரி செய்தாள், அதற்கு எதற்கு நன்றி என்று இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவள் மகன் வள்ளியூர்ப் பக்கம் வீடு கட்டி, அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனான். வேனில் சாமான் ஏற்றும்போது தூறல் விழுந்தது. "நான் கெளம்புற நேரம், மழையும் வந்துட்டு. உங்க துணியெல்லாம் நனையுது" என்று எல்லார் கொடியிலிருந்தும் துணியை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் வாசலில் நின்று தலையை ஆட்டினேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் மாமா காய் வெட்டிக்கொண்டே, "கத்தி பதம் போயிட்டும்மா. அந்தப் பொண்ணு இருந்தா ஒரு இழுப்பு இழுத்துக் குடுக்கும்" என்றார்.

"அது இழுத்த இழுப்பப் பாத்தோமே மாமா" என்றேன்.

மாமா கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அன்னைக்கு நான்தாம்மா தீட்டச் சொன்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார். கையில் பிடி குறைந்துகொண்டே வந்ததாம். மழுங்கிய கத்தியில் அமுக்கி வெட்ட முடியவில்லை. நான் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. லாத்தா மாட்டேன் மாட்டேன் என்றிருக்கிறாள். "என்னால முடியலன்னு மருமவளுக்குத் தெரிஞ்சா கத்திய வாங்கிருவா, பெறவு நான் எதுக்கு இருக்கணும்னு கேட்டேன். அதுக்கு மேல அந்தப் பொண்ணால மறுக்க முடியல" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்து, மிச்சக் காயை வெட்ட ஆரம்பித்தார்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். கரண்டுக்கும் மழைக்கும் காரணம் அவள் இல்லை என்று தெரிந்த எனக்கு, இதற்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று? தெரிந்துகொள்ள எனக்கு அவசியம் இல்லை, அதுதான் விஷயம். பழியை ஏற்றுக்கொள்ள ஒருத்தி தயாராக வாசலில் நின்றாள். நான் ஏற்றிவிட்டேன். அவள் கையைப் பிடித்துக் கத்தியைக் கொடுத்தது இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டேன். என் குரல் கேட்டதும், "ஏட்டி, நல்லா இருக்கியா? மாமா நல்லா இருக்காவளா?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"மாமா சொல்லிட்டாவ லாத்தா. தீட்டச் சொன்னது அவியதான்னு."

அவள் பேசுவதற்குள் நானே கேட்டேன்.

"ஏன் லாத்தா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா?"

"நீ பேசினதுக்கும் நான்தான் காரணம். தீட்டிக் குடுக்கும்போதே, சொல்லக்கூடாதுன்னு அவியட்ட சத்தியம் வாங்கினதே நான்தான்" என்றாள். "அவிய கேட்டுத் தீட்டினதுன்னு தெரிஞ்சா, பெறவு நீங்க கத்திய அவிய கண்ணுல காட்டுவியளா? என் தப்புன்னா, எனக்கு ரெண்டு ஏச்சு. அதோட முடிஞ்சு போகும்."

நான் மன்னிச்சிருங்க என்று சொல்லத்தான் போன் போட்டிருந்தேன். அழுகை வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அழுதியாட்டி?" என்றாள். "இந்தா பாரு. நான் இந்தப் போனையே எடுத்திருக்கக் கூடாது."